சமையற்கட்டில் கசியும் போர் இரகசியம்

மருதானைப் புகையிரத நிலையத்தை அண்டி உணவுக்கடை வைத்திருப்பவருக்கு, இரவுப் புகையிரதம் பிந்துமா பிந்தாதா என்பதை நிலைய அதிபரிடம் போய்க் கேட்க வேண்டிய தேவை எழுவதில்லை. எட்டரை மணிக்கு ஓய வேண்டிய தேநீர்க் கூட்டம் பத்து மணிக்கும் கலையாதிருப்பின் அவருக்கு விடயம் விளங்கிவிடும். அடுப்பில் இன்னொரு கேத்தல் தண்ணீரை ஏற்றிவிடுவார். வெள்ளவத்தையில் வீடு வீடாகப் பாண் கொடுப்பவர், வழக்கமாக ஒரு றாத்தல் வாங்கும் வீட்டில் மூன்று றாத்தல் கேட்டால், யாழ்ப்பாணத்து உறவினர் வந்து இறங்கிவிட்டனர் என்று அறிகின்றார். கொட்டாஞ்சேனையில் மீன் விற்பவர், ஒரு வாரமாகத் தம் பக்கம் திரும்பாத அம்மையாரைக் கண்டு, அந்த வீட்டில் விரதம் நடக்கிறதென ஊகித்துக் கொள்கின்றார். எவரும் அவருக்கு ஒன்றுஞ் சொல்லவில்லை, கூடை சொல்லிவிட்டது.

இவ்வளவும் நமக்கு நன்கு பழக்கமான சங்கதி. ஆயின் இந்தச் சாதாரணச் சங்கதியே அரசர்களையும் சேனாதிபதிகளையும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கலங்க வைத்து வந்துள்ளது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. படைகளின் திட்டம் எத்துணை இரகசியமாக இருப்பினும் படைவீரனுக்குப் பசிக்கின்றது. பசி எடுத்தால் யாரோ ஒருவர் அரிசி வாங்க வேண்டும். வாங்கினால் விற்றவர் ஒருவர் இருப்பார். அந்த விற்றவர் எந்த இரகசியப் பிரமாணமும் எடுத்துக்கொண்டவர் அல்லர்.

மாணவ வாசகர்கள் சிறு கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். ஆயிரம் பேர் கொண்ட படைப்பிரிவு ஒன்று ஓரிடத்தில் வந்து தங்குகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆளுக்கு நாளொன்றுக்கு அரைக் கிலோ அரிசி என்றால் 500 கிலோ. அஃதாவது 50 கிலோ மூடைகள் பத்து. பருப்பு ஆளுக்கு 50 கிராம் என்றால் இன்னொரு மூடை. நான்கு பேருக்கு ஒரு தேங்காய் என்று மிகச் சிக்கனமாகக் கணக்கிட்டாலும் 250 தேங்காய். இவையெல்லாம் ஒரு நாளைக்கு மட்டும்! பீரங்கிக் குண்டுகளை நள்ளிரவில் மூடிய வண்டியிற் கொண்டுபோய்விடலாம். இருநூற்றைம்பது தேங்காயை நாள்தோறும் வாங்கப் போனால், "என்ன, கலியாணமா?" என்று கேட்காத வியாபாரி எங்கும் இல்லை.

பண்டைய நூலாசிரியர்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். படை செல்லும் வழியிலுள்ள ஊர்களிலும் காடுகளிலும் புல், விறகு, தண்ணீர் ஆகியன எவ்வளவு கிடைக்கும் என்று கணித்த பின்னரே புறப்பட வேண்டும் என்று கௌடில்யரின் அர்த்தசாஸ்திரம் விதிக்கின்றது. உயர் உத்தியோகத்தரை வேவு பார்க்க அதே நூல் யாரை அனுப்பச் சொல்கின்றது தெரியுமா? சமையற்காரரையும் நீராட்டுவோரையும் நாவிதரையுந்தான். பாரியின் பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டபோது, உள்ளே இருந்தோரின் நெல் எத்தனை நாளைக்கு என்பதே வெளியே இருந்தோரின் கணக்காக இருந்தது. கிளிகள் பறந்து சென்று கதிர் கொண்டுவந்தன என்று கபிலரைப் பற்றி வழங்கும் மரபுக் கதை, அந்தக் கணக்கு எவ்வாறு பொய்த்தது என்பதைச் சொல்லும் கதையே.

அண்மைக் காலத்தில் இந்த விடயம் உலகப் பிரசித்தி பெற்றது பீட்சாவினால். ஐக்கிய அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனில், டொமினோஸ் என்னும் பெயரில் பீட்சாக் கடைகள் பலவற்றை நடத்திவந்தவர் பிராங்க் மீக்ஸ் என்னும் வர்த்தகர். 1990 ஓகஸ்ட் 1 ஆம் திகதி இரவு, சீ.ஐ.ஏ. என்னும் உளவு நிறுவனத்துக்கு அவர் கடையிலிருந்து 21 பீட்சாக்கள் சென்றன. ஓர் இரவில் அந்நிறுவனம் அதுவரை இத்தனை கேட்டதில்லை என்றார் அவர். மறுநாட் காலை, ஈராக்கியப் படைகள் குவைத்துக்குள் நுழைந்த செய்தியை உலகப் பத்திரிகைகள் கொட்டை எழுத்தில் வெளியிட்டன. 1983 ஒக்டோபரில் கிரனேடாத் தீவிலும் 1989 டிசம்பரில் பனாமாவிலும் அமெரிக்கப் படைகள் இறங்குவதற்கு முன்னரும் பாதுகாப்புத் தலைமையகமான பென்டகனிலிருந்து வந்த இரவுக் கட்டளைகள் பெருகியதாகப் பீட்சா கொண்டுசெல்லும் இளைஞர்கள் 'டைம்' சஞ்சிகைக்குக் கூறினர். 1991 ஜனவரி நடுப்பகுதியில் ஈராக்கின் மீது விமானத் தாக்குதல் தொடங்கவிருந்த வேளையிலும், வெள்ளை மாளிகைக்கும் பென்டகனுக்கும் வழக்கத்தைவிடப் பன்மடங்கு பெட்டிகள் போயின. பத்திரிகை நிருபர்கள் படுக்கையில் இருக்கும் வேளையில் தம் ஆட்கள் வீதியில் இருக்கின்றனர் என்று மீக்ஸ் பெருமைப்பட்டார். விளம்பரத்தில் அவருக்கும் ஆசை இருந்தது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

காரணம் விளங்காததன்று. பெரிய காரியம் ஒன்று நிகழவிருக்கும்போது நூற்றுக்கணக்கான உத்தியோகத்தர் வீடு திரும்பாமல் மேசைகளில் தங்கிவிடுகின்றனர். இரவு பதினொரு மணிக்குச் சிற்றுண்டிச்சாலை மூடிக் கிடக்கும். யாரோ ஓர் இளம் அதிகாரி தொலைபேசியை எடுக்கின்றார். நாட்டின் அதிமுக்கிய இரகசியத்தைக் காக்கும் அவருக்கு, பன்னிரண்டு பெட்டிகள் வேண்டும் என்று சொல்வதில் என்ன இரகசியம் இருக்கின்றது என்றே தோன்றும்.

ஆயினும், இக்கதையைக் கேட்டவுடன் வியப்பில் ஆழ்ந்துவிடாமல், கடிகாரத்தைச் சற்றுப் பார்ப்போம். குவைத்துக்கும் வாஷிங்டனுக்கும் கோடைக்காலத்தில் ஏழு மணி நேர வித்தியாசம். ஈராக்கியப் படைகள் எல்லையைக் கடந்தது குவைத்தில் ஓகஸ்ட் 2 ஆம் திகதி அதிகாலை இரண்டு மணியளவில்; வாஷிங்டனில் அப்போது ஓகஸ்ட் 1 ஆம் திகதி மாலை ஏழு மணி. ஆகவே அந்த 21 பீட்சாக்கள் நடக்கப் போவதை முன்னறிவித்தன என்பதைவிட, நடந்துவிட்டதைக் கேட்டுத் திகைத்தவர்களின் இராப்போசனமாக இருந்தன என்று கொள்வதே பொருத்தமாகலாம். மேலும், படையெடுத்தது ஈராக். பசித்தது அமெரிக்க உளவாளிகளுக்கு. பெட்டிகளின் தொகை சொல்லியது ஒன்றே ஒன்றுதான்: "இன்றிரவு இங்கே பலர் விழித்திருக்கின்றனர்." ஏன் விழித்திருக்கின்றனர் என்பதை அது சொல்லவில்லை. பீட்சா பெருகியும் போர் வராத இரவுகள் எத்தனையோ இருந்திருக்கும். அவற்றை எவரும் எழுதி வைப்பதில்லை.

2025 ஜூன் 12 ஆம் திகதி மாலையிலும் இதே கதை திரும்ப வந்தது. பென்டகனைச் சூழவுள்ள பீட்சாக் கடைகளில் வழக்கத்துக்கு மாறாகச் சனநெருக்கம் காணப்படுவதாகக் கைத்தொலைபேசி வரைபடத்தைப் பார்த்திருந்த சிலர் அறிவித்தனர். சிறிது நேரத்துக்குள் இஸ்ரேலிய விமானங்கள் ஈரானைத் தாக்கிய செய்தி பரவியது. கடைக்காரரின் வாய்மொழியும் இப்போது வேண்டியதில்லை. கடைக்குப் போவோரின் சட்டைப்பைகளில் உள்ள தொலைபேசிகளே கூட்டத்தை எண்ணித் தந்துவிடுகின்றன. பென்டகன் கட்டடத்தின் உள்ளேயே பீட்சா உட்படப் பலவகை உணவுகள் கிடைக்கின்றன என்று அங்குள்ள அதிகாரிகள் மறுமொழி கூறினர். அதே ஆண்டில், அத்துறைக்குப் பொறுப்பாக இருந்த பீட் ஹெக்செத், எல்லாரையும் குழப்புவதற்காக ஏதாவது சில இரவுகளில் ஏராளமாகப் பீட்சா கேட்டு அனுப்பலாமா என்று தாம் எண்ணியதுண்டு எனப் பகிடியாகக் கூறினார்.

அவர் பகிடியாகச் சொன்னதை மெய்யாகவே செய்து காட்டிய சேனாதிபதி ஒருவர் பண்டைச் சீனத்தில் இருந்தார். கிறிஸ்துவுக்கு முன் 341 ஆம் ஆண்டளவில் 'சீ' என்னும் நாட்டுக்கும் 'வெய்' என்னும் நாட்டுக்கும் போர் மூண்டது. சீ நாட்டுப் படைக்கு ஆலோசகர் சுன் பின். வெய் நாட்டுத் தளபதி பாங் சுவான். இருவரும் ஒரே ஆசிரியரிடம் பயின்றவர்கள் என்றும், பொறாமையினால் பாங் சுவான் சூழ்ச்சி செய்து சுன் பின்னின் கால்களை முடமாக்கினான் என்றும் கதை கூறும். சீ நாட்டார் கோழைகள் என்பது வெய் வீரர்களின் எண்ணம். இதனைச் சுன் பின் தமக்குச் சாதகமாக்கிக் கொண்டார். பகைவர் நிலத்திற் புகுந்த முதல் நாள் ஒரு இலட்சம் அடுப்புகளை மூட்டச் செய்தார். மறுநாள் ஐம்பதினாயிரம். மூன்றாம் நாள் முப்பதினாயிரம்.

பின்தொடர்ந்து வந்த பாங் சுவான் சாம்பலை எண்ணினான், மனம் மகிழ்ந்தான். மூன்றே நாளில் பாதிக்கு மேற்பட்டோர் ஓடிவிட்டனர் என்று முடிவு செய்து, காலாட்படையைப் பின்னே விட்டுவிட்டு விரைவுப் படையுடன் துரத்தினான். மாலிங் என்னும் ஒடுங்கிய கணவாயை அவன் இருளிற் சேர்ந்தான். அங்கே பட்டையுரித்த மரம் ஒன்றில் ஏதோ எழுதியிருந்தது. தீப்பந்தம் ஏற்றிப் படித்தான். "பாங் சுவான் இம்மரத்தடியில் மடிவான்" என்ற பொருளில் அவ்வாசகம் இருந்தது. தீப்பந்தத்தையே குறியாகக் காத்திருந்த வில்லாளர்கள் இருமருங்கிலும் இருந்து எய்தனர். சிமா சியான் என்னும் சீன வரலாற்றாசிரியர் இதனை எழுதி வைத்துள்ளார். இக்கதையை அறிந்திருந்த யூ சூ என்னும் அதிகாரி, பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர், தம்மிடம் படை குறைவாக இருந்தபோது நாளுக்கு நாள் அடுப்பைக் கூட்டிக்கொண்டே போய், பகைவரைப் பின்வாங்கச் செய்தார். ஆக, அடுப்பு உண்மையுஞ் சொல்லும். சொல்லிக் கொடுத்தால் பொய்யுஞ் சொல்லும்.

இனி நம் கொழும்புக்கு வருவோம். 1942 ஏப்ரல் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறு. காலை ஏழரை மணியளவில் யப்பானிய விமானங்கள் கொழும்பு வானிற் புகுந்தன. துறைமுகமும் இரத்மலானையும் குண்டுவீச்சுக்கு உள்ளாயின. அங்கொடை மனநோய் மருத்துவமனையுங்கூடத் தப்பவில்லை. மறுநாள் முதல் கொழும்பு மக்கள் கூட்டங் கூட்டமாக நகரை விட்டு வெளியேறினர். இவையெல்லாம் நம் பெரியோர் வாயிலாகப் பலரும் கேட்டிருக்கக் கூடியனவே. ஆனால் அந்தத் தாக்குதலின் பின்னணியில் தண்ணீர்ப் பீப்பாய்க்கு இருந்த பங்கு அவ்வளவாகப் பேசப்படுவதில்லை.

சிங்கப்பூரிலிருந்து பின்வாங்கிய பிரித்தானியக் குறிமொழி நிபுணர்கள் அப்போது கொழும்பிற் பாடசாலைக் கட்டடம் ஒன்றில் இருந்து யப்பானிய வானொலிச் செய்திகளைக் கேட்டுக்கொண்டிருந்தனர். ஏப்ரல் முதலாந் திகதியளவில் இலங்கை தாக்கப்படும் என்று அவர்கள் கண்டறிந்தனர். கடற்படைத் தளபதி அட்மிரல் சொமர்வில் தம் கப்பல்களைத் திரட்டிக்கொண்டு இலங்கைக்குத் தெற்கே காத்திருந்தார். மார்ச் 31 கழிந்தது. ஏப்ரல் 1 கழிந்தது. 2 உங் கழிந்தது. பகைவரைக் காணவில்லை. தகவல் பிழையோ என்ற ஐயம் ஒருபுறம். மறுபுறம், அவருடைய பழைய போர்க்கப்பல்களில் தண்ணீர் தீர்ந்துகொண்டிருந்தது! ஆயிரக்கணக்கான மாலுமிகள் குடிக்கவும் கொதிகலன்கள் இயங்கவும் நன்னீர் வேண்டும். வேறு வழியின்றி, தண்ணீருக்கும் எரிபொருளுக்குமாக, மாலைதீவுகளின் தென்கோடியில் இரகசியமாக அமைக்கப்பட்டிருந்த அட்டுத் தீவுத் தளத்தை நோக்கித் திரும்பினார்.

அங்கே அவர் போய்ச் சேர்ந்த ஏப்ரல் 4 ஆம் திகதியன்றுதான், கொக்கலையிலிருந்து புறப்பட்ட கனேடிய விமானி லெனாட் பெர்ச்சல் யப்பானியக் கடற்படையைக் கண்டு வானொலியில் அறிவித்தார். அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். சொமர்வில்லோ அறுநூறு மைலுக்கு அப்பால் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தார். தனித்துச் சென்ற டோசெற்சயர், கோர்ண்வோல் என்னும் இரு கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. ஆயினும் பெரும்படை தப்பியது. ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களுடன் வந்த யப்பானிய அட்மிரல் நகுமோவை அவர் பகலில் எதிர்கொண்டிருந்தால் பிரித்தானியக் கடற்படைக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணும்போது, அந்தத் தாகம் ஒரு பாக்கியம் என்றே நமக்குத் தோன்றுகின்றது. பிரித்தானியக் கப்பல்களின் தண்ணீர்க் கணக்கு மட்டும் யப்பானியருக்குக் கிட்டியிருந்தால், அட்மிரல் எப்போது எந்தத் திசையிற் திரும்புவார் என்பதை ஒரு கப்பற் கணக்கப்பிள்ளையே அவர்களுக்குச் சொல்லியிருப்பான்.

தண்ணீர் அத்துடன் விட்டுவிடவில்லை. அடுத்த மாதமே பசுபிக் சமுத்திரத்தில் அதே யப்பானியக் கடற்படை வேறொரு பெருந் தாக்குதலுக்கு ஆயத்தமாயிற்று. இலக்கின் பெயரை அவர்கள் தம் குறிமொழியில் 'ஏ.எப்.' என்று குறித்தனர். அது மிட்வே என்னும் சிறு தீவே என்று ஹவாயில் இருந்த அமெரிக்கக் குறிமொழி நிபுணர் ஜோசப் றொச்போர்ட் நம்பினார். வாஷிங்டனில் இருந்த மேலதிகாரிகள் சிலர் நம்ப மறுத்தனர். எவ்வாறு நிரூபிப்பது? அவருடைய குழுவினர் ஓர் உபாயம் கண்டனர். கடலடித் தந்தி மூலம் மிட்வேக்கு இரகசியக் கட்டளை ஒன்று சென்றது: "உங்கள் நன்னீர் வடிக்கும் இயந்திரம் பழுதாகிவிட்டது என்று வானொலியில் வெளிப்படையாக அறிவியுங்கள்." அவ்வாறே அறிவித்தனர். இரண்டொரு நாளில், 'ஏ.எப்.' இல் நன்னீருக்குத் தட்டுப்பாடு என்னும் யப்பானியச் செய்தி குறிமொழியில் வான்வழியே வந்தது. அதனைக் கேட்பதற்கே காத்திருந்தோரின் காதில் அது விழுந்தது.

தண்ணீர் இல்லை என்ற செய்தி யப்பானியரின் செவிக்கு எவ்வளவு அற்பமாக இருந்திருக்கும்! கப்பல் நகர்வோ பீரங்கித் தொகையோ ஆக இருந்தால் அவர்கள் சந்தேகித்திருப்பர். வீட்டுக் குழாய் பழுது போன்ற ஒரு முறைப்பாட்டில் எவர் பொறியைக் காண்பர்? 1942 ஜூன் 4 ஆம் திகதி மிட்வேயில் தொடங்கிய சமரில் நான்கு யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் அழிந்தன. அவற்றுள் அக்காகி, சொரியு, ஹிரியு ஆகிய மூன்றும் உயிர்த்த ஞாயிறன்று கொழும்பின் மீது விமானங்களை ஏவியவை. இடையிற் கழிந்தவை இரண்டே மாதங்கள்.

உணவு, தண்ணீர் என்பவற்றுக்கு மட்டும் இக்குணம் உரியதன்று; உடைக்கும் உண்டு. 1984 ஆம் ஆண்டில் காஷ்மீரத்தின் வடகோடியில் உள்ள சியாச்சென் பனியாற்றைக் கைப்பற்ற இந்தியாவும் பாகிஸ்தானும் தனித்தனியே ஆயத்தஞ் செய்தன. பாகிஸ்தான் பனியுடைகளுக்குக் கட்டளை கொடுத்தது இலண்டன் வியாபாரி ஒருவரிடம். இந்தியாவும் அவரிடமே வாங்கிக்கொண்டிருந்தது! செய்தி புதுடில்லிக்கு எட்டியது. ஏப்ரல் 13 ஆம் திகதி இந்தியப் படையினர் முந்திக்கொண்டு பனியாற்றின் கணவாய்களில் இறங்கினர். ஓய்வு பெற்ற படையதிகாரிகள் பலர் இதனைச் சொல்லியுள்ளனர். துணிக்கடைக்காரருக்கு இரு தரப்பும் நல்ல வாடிக்கையாளரே.

இதுகாறும் சொன்னவற்றைப் படிக்கும்போது, கூடையைக் கூர்ந்து பார்த்தால் எல்லாம் வெளியாகிவிடும் என்று தோன்றலாம். அவ்வாறு நம்பிய ஓர் அரசு உலகத்தையே ஆபத்தின் விளிம்புக்குக் கொண்டுபோயிற்று. 1981 ஆம் ஆண்டில் சோவியத் உளவுத்துறை, மேற்கு நாடுகள் திடீரென அணுவாயுதத் தாக்குதல் நடத்தக்கூடும் என அஞ்சி, 'றயான்' என்னும் பெயரில் பெரும் வேவு முயற்சி ஒன்றைத் தொடங்கியது. இலண்டன் முதலிய நகரங்களில் இருந்த அதன் ஆட்கள் கவனிக்க வேண்டியவற்றுள், அரசாங்க அலுவலகங்களில் இரவில் எரியும் விளக்குகள், இரத்த வங்கிகளின் நிலை என்பவற்றோடு, மாடுகள் பெருந்தொகையாக வெட்டப்பட்டு இறைச்சி குளிர்ச்சேமிப்பில் வைக்கப்படுகின்றதா என்பதும் இருந்தது. இலண்டனில் பணியாற்றிய ஒலெக் கோர்டியெவ்ஸ்கி என்னும் அதிகாரி, பிரித்தானியருக்கு இரகசியமாக உதவியவர், பின்னர் இதனை வெளியிட்டார். தாம் நம்பாதவற்றையும் மேலிடம் கேட்டமையால் வேவுகாரர் எழுதி அனுப்பினர் என்கிறார் அவர். அனுப்பப்பட்டதைக் கண்டு மேலிடம் மேலும் அஞ்சியது. 1983 நவம்பரில் மேற்கு நாடுகள் நடத்திய போர்ப்பயிற்சி ஒன்றை மெய்யான ஆயத்தமாக மொஸ்கோ கொண்டுவிடுமோ என்ற நிலையும் உருவாயிற்று. இறைச்சிக் கடையைப் பார்த்து அணுப்போரைக் கணிக்க முற்பட்டால், அச்சந்தான் நிறுக்கப்படுகின்றது.

வாஷிங்டனில் இது வேடிக்கைப் பேச்சு. நம் தீவிலோ, கடைக்குப் போகும் பட்டியலைப் படைத் தஸ்தாவேசாகப் படிக்கும் வழக்கம் ஒரு தலைமுறையின் வாழ்வையே மாற்றியது. 1987 ஜூன் 4 ஆம் திகதி, ஐந்து இந்திய விமானங்கள், போர் விமானங்களின் காவலுடன், யாழ்ப்பாணத்தின் மீது உணவுப் பொதிகளைப் போட்டன. அங்கே அரிசி எந்த இரகசியத்தையும் கசியவிடவில்லை, பகிரங்கமாக அறிவித்தது. எட்டு வாரத்துக்குள் இந்திய-இலங்கை ஒப்பந்தமும், அதன் பின்னே இந்தியப் படையும் வந்து சேர்ந்தன.

1990 ஜூனில் மீண்டும் போர் மூண்டபின் வடக்கு நோக்கிச் செல்லும் பொருள்கள் மீது தடை விழுந்தது. பட்டியல் காலத்துக்குக் காலம் மாறினாலும், மின்கலம், உரம், சீமெந்து, எரிபொருள் என்பன அதில் நீடித்து நின்றன. படையினரின் கணக்கிலும் நியாயம் இல்லாமலில்லை: மின்கலம் கண்ணிவெடிக்கு உதவும், உரம் வெடிமருந்தாகும், சீமெந்து பதுங்குகுழிச் சுவராகும். ஆனால் மின்கலம் வானொலிப் பெட்டிக்கும் வேண்டும். உரம் வெங்காயத்துக்கும் வேண்டும். பட்டியலை எழுதியவர் ஆயிரத்தில் ஒருவரின் கையை நினைத்து எழுதினார். வெறுங்கையோடு நின்றவர் மற்றை எல்லாரும்.

மின்கலம் கிடைக்காத யாழ்ப்பாணத்தில், துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் மிதியைச் சுழற்ற, டைனமோவில் பிறந்த மின்சாரத்தில் மற்றவர்கள் வானொலிச் செய்தி கேட்டனர். மண்ணெண்ணெய் துளித் துளியாகக் கணக்கிடப்பட்டமையால், ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் எண்ணெயும் இட்டு எரித்த விளக்கில் மாணவர்கள் பரீட்சைக்குப் படித்தனர். இன்று கொழும்பில் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் இருப்போர் பலர் அந்தப் போத்தல் வெளிச்சத்தில் எழுத்தைக் கண்டவர்களே. கொழும்பிலிருந்து ஊருக்குப் போகும் ஒருவர், தாய்க்கென வாங்கிய ரோர்ச் விளக்கைச் சோதனைச் சாவடியில் எடுத்துக் காட்டி, இது எதற்கு என்று விளக்க வேண்டியிருந்தது. அவருக்கும் அந்தச் சிப்பாய்க்கும் இடையே நின்றது, கூடையில் உள்ள பொருள் அதனைச் சுமப்பவனின் நோக்கத்தைக் காட்டும் என்னும் நம்பிக்கையே. மூன்று றாத்தல் பாணைக் கண்டு விருந்தினர் வந்திருக்கின்றனர் என்று எண்ணும் வெள்ளவத்தைப் பாண்காரர் பிழைவிட்டால் ஒருவருக்கும் நட்டமில்லை. சாவடியிற் பிழைவிட்டால் அப்படியன்று.

2002 ஆம் ஆண்டு போர்நிறுத்தத்தோடு தடை நீங்கி, ஏ-9 வீதி திறந்தது. நான்கு ஆண்டுகள் லொறிகள் ஓடின. 2006 ஓகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. குடாநாட்டுக்குரிய அரிசியும் சீனியும் மாவும் கப்பலையே நம்பியிருந்தன. அப்போது வேவுத்துறை எதுவும் பயிற்றாமலே, குடாநாட்டு இல்லத்தரசிகள் இக்கலையில் தேர்ந்துவிட்டனர். சங்கக்கடையில் சீனியின் அளவு குறைக்கப்பட்டால் அடுத்த கப்பல் பிந்துகின்றது என்று பொருள். கப்பல் பிந்தினால் கடலில் ஏதோ நடக்கின்றது என்று பொருள். பத்திரிகை அதனை எழுதுமுன்னர், அவர்கள் இரவுச் சோற்றுக்கு அரிசி அளக்கும்போது ஒரு சிறங்கையைத் திரும்பப் பானைக்குள் போட்டுவிடுவார்கள்.